வெள்ளந்தியான கேமிராவும் மணமகள் அறையும்: சில குறிப்புகள்

1

கல்யாண ஆல்பமும் ஒரு பிரதிதான். அதற்கென்று இலக்கணம் உண்டு, மரபு உண்டு, விலக்கும் உண்டு. படச்சுருள் காலத்து ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சுருளுக்கு 36 படம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் காசு. ஆகவே கேமிராக்காரர் மேடையைவிட்டு லேசில் இறங்கமாட்டார். மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, மெட்டி போடுவது, பிறகு வரிசை வரிசையாக உறவுக்காரர்கள். எல்லோரும் கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்து, ஃப்ளாஷ் வெளிச்சத்தில் திடுக்கிட்டு நிற்பார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அந்த ஆல்பம் அழகைப் பற்றியதே அல்ல. மொய் நோட்டுக்கு உடன்பிறப்பு அது. யார் வந்தார்கள், யாரை ஒட்டி யார் நின்றார்கள், யார் வரவில்லை என்பதற்கான பதிவேடு. கேமிராவை நேராகப் பார்ப்பது ‘இதற்கு நான் சாட்சி’ என்று அறிவிப்பது.

இந்தப் பிரதியில் மணமகள் அறைக்கு இடம் அநேகமாகக் கிடையாது. பெண் அலங்காரம் முடிந்துதான் கேமிராவுக்குள் வருவாள். அலங்கரிக்கப்படுவது வெளியே தெரியக்கூடாத வேலை.

2010களில் நிலைமை மாறியது. இன்று ஓரளவு வசதியுள்ள கல்யாணங்களில் இரண்டு கோஷ்டிகள் வருகின்றன. ஒன்று ‘ட்ரெடிஷனல்’, அதாவது மேடை வரிசை. மற்றது ‘கேண்டிட்’. இரண்டுக்கும் கூலி வேறு, மரியாதையும் வேறு. இந்த இரண்டாவது கோஷ்டிதான் விடியுமுன் மணமகள் அறைக் கதவைத் தட்டுகிறது. ஜாக்கெட் கொக்கியை மாட்டும் விரல்கள், கண்ணாடியில் பாதி முகம், ஹேங்கரில் தொங்கும் முகூர்த்தப் பட்டு, சடைபில்லை வைக்கும்போது குனிந்த கழுத்து. நடப்பதை நடந்தபடியே எடுத்தோம், எதையும் ஏற்பாடு செய்யவில்லை என்பது இந்த வகைமையின் உரிமைகோரல். இந்த உரிமைகோரலைத்தான் நான் இங்கே பரிசீலிக்க விரும்புகிறேன்.

2

கேண்டிட் பாணியின் வம்சாவளி கல்யாண வீட்டிலிருந்து வந்ததல்ல. ஜெர்மானியரான எரிக் சாலமன் 1928இல், படமெடுக்கத் தடையிருந்த பெர்லின் நீதிமன்றத்துக்குள், தொப்பியில் கேமிராவை மறைத்து எடுத்துச் சென்றார். பிறகு ராஜதந்திரிகளின் மாநாடுகளில் மந்திரிகள் கொட்டாவி விடுவதையும் கண்ணயர்வதையும் எடுத்தார். குறைந்த வெளிச்சத்தில் வேலைசெய்யும் எர்மனாக்ஸ் கேமிரா அதைச் சாத்தியமாக்கியது. யூதரான சாலமனை நாஜிகள் 1944இல் ஆஷ்விட்சில் கொன்றார்கள். 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா, 1952இல் வெளிவந்த கார்த்தியே-பிரெஸ்ஸோனின் புத்தகம், பிறகு பத்திரிகைப் புகைப்படக் கலை என்று நீண்ட இந்த மரபு, 1980களில் அமெரிக்கக் கல்யாணங்களுக்குள் நுழைந்து, அங்கிருந்து இங்கே வந்துசேர்ந்தது.

கவனிக்க வேண்டிய தலைகீழாக்கம் ஒன்று இதில் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்களை, அவர்கள் அறியாத நேரத்தில் பிடிப்பதற்காகப் பிறந்த உத்தி அது. மணமகள் அறையில் பார்க்கப்படுபவள் அதிகாரத்தில் இல்லை. கேமிரா இருப்பதும் அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ‘எங்களக் கண்டுக்காதீங்க, நீங்க பாட்டுக்கு ரெடியாகுங்க’ என்பார் போட்டோகிராபர். இரண்டு நிமிடம் கழித்து, ‘அக்கா, அந்தக் கொக்கிய இன்னொரு தரம் மாட்டுங்க’ என்பார். பழைய ஸ்டூடியோக்காரர் ‘அசையாதீங்க’ என்று கட்டளையிட்டார். இவர் ‘இயல்பாக அசையுங்கள்’ என்று கட்டளையிடுகிறார். முதல் கட்டளை கட்டளை என்று தெரியும். இரண்டாவது தன்னை மறைத்துக்கொள்கிறது.

இயல்பு எப்படித் தயாராகிறது என்பதற்கு வெளிச்சமே போதுமான சாட்சி. மேற்கத்திய ‘தயாராகும்’ படங்களின் உயிர் ஜன்னல் வெளிச்சம். அங்கே சடங்கு பெரும்பாலும் பிற்பகலில். பெண் தயாராகும்போது நல்ல பகல். நம்மூரில் முகூர்த்தம் நாலரையிலிருந்து ஆறுக்குள் என்றால், பெண்ணை இரண்டரை மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள். அந்நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருட்டு, கொசு, சமையல்கட்டுப் புகை. உள்ளே ட்யூப் லைட், இரும்புக் கட்டில், திறந்து கிடக்கும் சூட்கேஸ்கள், பழைய ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டிய கண்ணாடி, தூக்கத்தில் அழும் குழந்தை. இதுதான் ஆவணம். ஆனால் ஆல்பத்தில் இது வராது. சூட்கேஸை நகர்த்திவிட்டு, ட்யூப் லைட்டை அணைத்து, எல்.இ.டி. விளக்கை ஓரத்தில் வைத்து ஜன்னல் உண்டாக்கப்படுகிறது. இல்லையென்றால் தாலி கட்டி முடிந்து விடிந்தபின், கட்டியிருக்கும் தாலியை உள்ளே தள்ளிவிட்டு, ‘தயாராவது’ ஒருமுறை நடித்துக் காட்டப்படுகிறது.

3

தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்கு இங்கே அகநானூற்றின் இரண்டு பாடல்கள் ஞாபகம் வருகின்றன: நல்லாவூர் கிழார் பாடிய 86, விற்றூற்று மூதெயினனார் பாடிய 136. சங்கக் காலத் திருமணச் சடங்கை விவரிப்பவை என்று பாடநூல்கள் இவற்றைக் காட்டும். புரோகிதர் இல்லை, தீவலம் இல்லை என்று வாதிட இவை நிறையப் பயன்பட்டிருக்கின்றன. வேறொன்றைப் பார்க்கலாம். இரண்டுமே தலைவன் கூற்று. பெண் அலங்கரிக்கப்படுவதை ஓர் ஆண் நினைவுகூர்ந்து சொல்கிறான்.

86ஆம் பாடலில் பெண்ணை நீராட்டுகிறவர்கள் நான்கு பெண்கள். நால்வரும் புதல்வரைப் பெற்றவர்கள். அதாவது அலங்கார அறைக்குள் யார் போகலாம், யார் போகக்கூடாது என்பது அப்போதே தீர்மானமாகிவிட்டது. 136இல் புத்தாடை உடல் முழுக்க மூடியிருக்க, பெண்ணுக்கு வியர்க்கிறது. கொஞ்சம் திற, காற்றுப் படட்டும் என்று அவன் கனிவாகக் கேட்கிறான். கேட்டுவிட்டு ஆடையைப் பற்றி இழுத்தும் விடுகிறான். அவள் நாணித் தன் கூந்தலின் இருளுக்குள் ஒளிந்துகொள்கிறாள். கனிவான கோரிக்கைக்கும் பறிப்புக்கும் நடுவே ஒரு பெருமூச்சு இடைவெளிதான் இருக்கிறது. இன்றைய கேமிரா நிற்பது அந்த இடைவெளியில்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்று. அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால்தான் அந்தரங்கம் பேச முடிந்தது. இன்று அகத்தைப் புறமாக்கும்போது பெயரும் சேர்ந்தே போகிறது. தம்பதி பெயர்களை ஒட்டவைத்த ஹேஷ்டேக்கோடு, புகைப்படக் கம்பெனியின் விளம்பரப் பக்கத்தில், அந்தக் குனிந்த கழுத்து வருஷக்கணக்கில் இருக்கிறது.

4

‘கேண்டிட்’ என்ற சொல்லின் லத்தீன் வேருக்கு வெண்மை என்று பொருள். தமிழிலும் சூதுவாது தெரியாதவரை வெள்ளந்தி என்கிறோம். இந்த வெண்மை வெறும் உருவகம் அல்ல. கலர் படச்சுருள் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் கம்பெனி அனுப்பிய அளவுகோல் அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷெர்லி’ அட்டை என்று அதற்குப் பெயர். பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் செய்தது படச்சுருள் திருந்த ஒரு காரணம் என்பதை லோர்னா ராத் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கறுத்த மனிதர்களின் முகத்தால் நடக்காததை மேஜை நாற்காலி நடத்திக் காட்டியது.

இன்றைய டிஜிட்டல் கேமிரா மாநிறத்தையும் கறுப்பையும் ஒழுங்காகவே பிடிக்கிறது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதை அழிக்கிறோம். தயாராகும் வரிசையில் மிகவும் உண்மையான படம், ஃபவுண்டேஷன் போடுவதற்கு முந்தைய முகம்தான். ஆல்பத்திலிருந்து முதலில் நீக்கப்படுவதும் அதுதான்.

என் உறவில் ஒரு கல்யாணத்தின் படங்களை முழுசாகப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான படங்கள். மணமகள் அறையில் எடுத்தவற்றில் பெண்ணின் அம்மா இருக்கிறார். கணவரை இழந்தவர். மடிப்பு மடிப்பாகக் கொசுவம் பிடித்துக் கொடுக்கிறார், வாயில் சேஃப்டி பின்னைக் கடித்துக்கொண்டு. சிரிக்கிறார். மேடையில் அவர் இல்லை. தூணோரம் நின்றார். ஆல்பமாக வந்தபோது அறைப் படங்களிலும் அவர் இல்லை. யாரோ கெட்ட எண்ணத்தில் செய்த வேலை என்று சொல்லமாட்டேன். பெண் முகம் தெளிவாக உள்ள படம், கூட்டமில்லாத படம் என்று பொறுக்கிக்கொண்டே போனால் முடிவு இப்படித்தான் வரும். பூச்சடை பின்னிய அழகுக்கலைப் பெண்ணும் வெறும் இரண்டு கைகளாக மிஞ்சினார். சாதி, விதவை விலக்கு, கூலி உழைப்பு என்று ஒரு கல்யாணத்தைத் தாங்கிநிற்கும் அத்தனையும் அந்த அறையில் கேமிராவுக்கு அகப்பட்டிருந்தது. தேர்வில் கழன்று விழுந்தது.

ஆகவே, ஏற்பாடு செய்து எடுத்ததா, தானாக நடந்ததை எடுத்ததா என்ற கேள்வி போதாது. ஆவணத்தன்மை எடுப்பதில் மட்டும் இல்லை, விடுவதில்தான் தீர்மானமாகிறது. ஆண் தயாராவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பத்து நிமிஷ வேலை. வேட்டியில் எடுக்க ஏதுமில்லாமல் கோட்டுக் கையையும் வாட்சையும் தேடுகிறார்கள். அவனை ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்கிறார்கள், அவளைக் கண்ணாடிக்குள். பெண் கையில் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, அவள் தன்னையே ரசிக்கிறாள் என்று பழிபோடும் ஐரோப்பிய ஓவிய மரபை ஜான் பெர்ஜர் 1972இலேயே பிரித்துக் காட்டினார்.

5

இந்த அறைக்குள் கேமிராவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவேடாக மட்டும் இருந்த பழைய ஆல்பம் மேடைக்குத் தகுதியானவர்களை மட்டுமே கண்டது. தூணோரம் நிறுத்தப்பட்ட அம்மாவைச் சிரித்த முகமாகக் கண்டது புதிய கேமிராதான். அந்தச் சாத்தியம் பெரிது. அதனால்தான் அதைத் தொலைப்பது உறுத்துகிறது. ‘போதும்’ என்று சொன்னால் கேமிரா கீழே இறங்குமா? எல்லாப் படங்களையும் முதலில் பார்ப்பது அந்தப் பெண்ணா, பணம் கட்டியவரா? விளம்பரத்துக்குப் போட அவள் சம்மதம் தனியாகக் கேட்கப்பட்டதா? படம் எடுக்கும் நண்பர்கள் அழகியல் பேசுமுன் இவற்றுக்குப் பதில் சொல்லலாம்.

மணமகள் அறையே வாய்க்காதவர்களும் இருக்கிறார்கள். சாதியை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு, பாதுகாப்புக் கேட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் ஜோடிகள். சிநேகிதியின் வீட்டில் அவசரமாக உடுத்திய புடவை, கழுத்தில் மாலை, செல்போனில் ஒரே படம். இருவரும் கேமிராவை நேராகப் பார்க்கிறார்கள். பார்த்தே ஆகவேண்டும், முகம் தெரிந்தால்தான் அது சாட்சி. கேமிராவைக் கவனிக்காததுபோல் இருப்பது, உயிருக்குப் பயமில்லாதவர்களுக்குக் கிடைக்கும் சௌகரியம்.