வன்தட்டைப் பிரிப்போம், கோப்புகளைக் காப்போம்

“சார், ஃபார்மட் பண்ணினா உள்ளே இருக்கிறதெல்லாம் போயிடுமா?” பள்ளியில் ஒரு கணினி முடங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது. இதற்கான விடை, கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாளில் நாம் என்ன செய்து வைத்தோம் என்பதைப் பொறுத்தது. வன்தட்டை முன்பே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தால் “போகாது” என்று சொல்லலாம். பிரிக்காமல் விட்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கணினிப் பட்டம் பெற்றவன் அல்லன். பள்ளி அலுவலகக் கணினியையும் சக ஆசிரியர்களின் மடிக்கணினிகளையும் பலமுறை சரிசெய்து பழகியதில் கற்றவற்றையே இங்கே எழுதுகிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. ஆகவே பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் நிறுவ வேண்டிய நிலை வந்துள்ளது. எமிஸ் தளத்தில் நாம் ஏற்றிய விவரங்கள் வழங்கிக் கணினியில் பத்திரமாக இருக்கும். ஆனால் நாமே தயாரித்த வினாத்தாள்கள், என்.எம்.எம்.எஸ். பயிற்சித் தாள்கள், வளரறி மதிப்பீட்டுப் பதிவுகள், விழாப் படங்கள், அலுவலகக் கடிதங்கள் எல்லாம் நம் வன்தட்டில்தான் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியையின் எட்டு ஆண்டுப் பயிற்சித் தாள்கள் ஒரே பிற்பகலில் அழிந்தன. கடைக்காரர் தம் வேலையைத்தான் செய்தார். கணினியில் இருந்தது ஒரே ஒரு ‘சி’ பிரிவு. இயங்குதளமும் அதில்தான், அவருடைய கோப்புகளும் அதில்தான். ஒன்றைத் துடைத்தபோது மற்றதும் சேர்ந்து போயிற்று.

பிரிவு என்றால் என்ன?

நம் பள்ளிகளில் நீண்ட கூடத்தின் நடுவே தட்டி வைத்து இரண்டு வகுப்புகள் நடத்துவோம். கூரை ஒன்றுதான், ஆனாலும் ஒரு பக்கம் வெள்ளையடிக்கும்போது மறுபக்கத்து மேசைகளை நகர்த்த வேண்டியதில்லை. வன்தட்டுப் பிரிவும் அப்படித்தான். தட்டு ஒன்றே என்றாலும் கணினி அதை இரண்டு தனி இடங்களாகக் கருதும். ‘சி’ பிரிவில் இயங்குதளமும் மென்பொருள்களும் இருக்கும். ‘டி’ பிரிவில் நம் கோப்புகள் இருக்கும். நச்சுநிரலாலோ வேறு கோளாறாலோ விண்டோஸ் கெட்டுப்போனால் ‘சி’யை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாக நிறுவலாம். ‘டி’யைத் தொட வேண்டியதில்லை.

எழுத்து வரிசை ஏன் ‘சி’யில் தொடங்குகிறது என்று மாணவர்கள் கேட்பார்கள். ஏ, பி என்ற எழுத்துகள் அந்தக் கால ஃபிளாப்பி தட்டுகளுக்குரியவை. ஃபிளாப்பி மறைந்துவிட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது.

எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

ஒரு டெராபைட் என்று வாங்கிய வன்தட்டைக் கணினி ஏறத்தாழ 931 ஜிபி என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் அடுக்குகளில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் அடுக்குகளில் கணக்கிடுகிறது. வகுப்பில் அடுக்குகள் நடத்தும்போது இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. அது நிறுவுவதற்கு மட்டுமே போதும். புதுப்பிப்புகளும் மென்பொருள்களும் சேரச் சேர இடம் நிறையும். எனவே ஒரு டெராபைட் தட்டில் ‘சி’க்கு 200 ஜிபி விட்டு, மீதியை ‘டி’க்குக் கொடுப்பது என் வழக்கம். 256 ஜிபி எஸ்.எஸ்.டி. மட்டுமே உள்ள மடிக்கணினியில் ‘சி’க்கு 130 ஜிபியாவது விடுங்கள். எஸ்.எஸ்.டி., வன்தட்டு என இரண்டும் இருந்தால் பிரிக்கவே வேண்டாம். எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ், வன்தட்டில் கோப்புகள் என்று வைத்துக்கொண்டாலே போதும்.

பிரிக்கும் முறை

தொடங்கும் முன் மூன்று வேலைகள் உண்டு. முக்கியக் கோப்புகளை வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுங்கள். மின்சாரம் இடையில் நின்றுபோகாதபடி யுபிஎஸ் அல்லது நிறைந்த பேட்டரியை உறுதிசெய்யுங்கள். வன்தட்டு பிட்லாக்கர் பூட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் நாமாக இதைச் செய்யக் கூடாது. அவற்றைப் பராமரிப்பவர்கள் வழியாகவே செய்ய வேண்டும்.

1. ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்குச் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்பதைத் திறக்கவும்.

2. ‘சி’ பிரிவின் மேல் வலது சொடுக்குச் செய்து ‘ஷ்ரிங்க் வால்யூம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பி அளவில் கேட்கும். ஒரு ஜிபி என்பது 1024 எம்பி. கடைசி வரியில், குறைத்த பின் மீதமிருக்கும் அளவு தெரியும். 200 ஜிபி வேண்டுமானால் அது ஏறத்தாழ 204800 என்று வருமாறு எண்ணை இட்டு, ‘ஷ்ரிங்க்’ கொடுக்கவும்.

4. கறுப்புப் பட்டையுடன் ஒதுக்கப்படாத இடம் தோன்றும். அதன் மேல் வலது சொடுக்குச் செய்து ‘நியூ சிம்பிள் வால்யூம்’ கொடுக்கவும். கோப்பு முறையாக என்.டி.எஃப்.எஸ். இருக்கட்டும். பெயர் கேட்கும் இடத்தில் ‘பள்ளிப்பணி’ என்று இடலாம். டிவிடி டிரைவ் ‘டி’ எழுத்தை எடுத்திருந்தால் ‘இ’ கிடைக்கும். அதனால் ஒன்றும் குறையில்லை.

பாதி இடத்துக்கு மேல் குறைக்க முடியாது என்று சிலருக்குக் கணினி மறுக்கலாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் தட்டின் நடுவே உட்கார்ந்திருப்பதே காரணம். கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து ஹைபர்னேஷன் வசதியை நிறுத்தி, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயன்றால் பெரும்பாலும் வழி பிறக்கும். அதே திரையில் 100 எம்பி, 500 எம்பி என்று சிறு பிரிவுகள் தெரியும். கணினி தொடங்குவதற்கும் மீட்புக்கும் உரியவை அவை. வீணாகக் கிடக்கிறதே என்று அவற்றை அழித்துவிடாதீர்கள்.

கோப்புகளை இடம் மாற்றுவது

பிரித்துவிட்டு வழக்கம்போல் டெஸ்க்டாப்பிலேயே கோப்புகளைச் சேமித்தால் பயனில்லை. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஆகியவை ‘சி’யில்தான் இருக்கின்றன. ‘டி’யில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்றே ஒரு புதிய கோப்புறை உருவாக்குங்கள். பிறகு பழைய டாக்குமென்ட்ஸ் மேல் வலது சொடுக்கு, ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘லொக்கேஷன்’, ‘மூவ்’ என்று சென்று புதிய கோப்புறையைக் காட்டுங்கள். கோப்புறை உருவாக்காமல் ‘டி’ பிரிவையே நேரடியாகக் காட்டினால் முழுப் பிரிவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும். பின்னர் அதைப் பிரித்தெடுப்பது தலைவலி. டெஸ்க்டாப், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகியவற்றையும் இப்படியே மாற்றலாம்.

‘டி’யில் ‘நிறுவத் தேவையானவை’ என்று இன்னொரு கோப்புறையும் இருக்கட்டும். தமிழ் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை மென்பொருள், பிரிண்டர் இயக்கி, வைஃபை இயக்கி ஆகியவற்றை அதில் வையுங்கள். புதிய விண்டோஸ் நிறுவியதும் இணையம் வராமல் விழிப்பது பலருக்கும் நேர்வது. வைஃபை இயக்கி கையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

மீண்டும் நிறுவும் நாளில்

நிறுவலுக்கான பென் டிரைவ் குறைந்தது 8 ஜிபி இருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும்போது அதில் உள்ளவை அழியும் என்பதால் வெறும் பென் டிரைவாகப் பாருங்கள். நிறுவும்போது ‘கஸ்டம்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் பிரிவுகளின் பட்டியல் வரும். இங்கேதான் கவனம் வேண்டும். பட்டியலில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. ‘டிரைவ் 0 பார்ட்டிஷன் 3’ என்பதுபோல் எண்களும் அளவுகளும் மட்டுமே இருக்கும். இதனால்தான் இரண்டு பிரிவுகளையும் ஒரே அளவில் பிரிக்காதீர்கள் என்பேன். 200 ஜிபி எது, 730 ஜிபி எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கணினியின் மேல் ஒட்டிவிடுங்கள். பழுது பார்ப்பவர் வேறொருவராக இருந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

‘ரீசெட் திஸ் பிசி’ வழியாகச் செய்வோர், அனைத்தையும் நீக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் உள்ள டிரைவை மட்டும் துடைப்பதா, எல்லா டிரைவ்களையுமா என்ற தேர்வைக் கவனியுங்கள். முதலாவதே நமக்கு வேண்டியது.

நிறுவி முடித்ததும் மென்பொருள்களை மீண்டும் நிறுவத்தான் வேண்டும். அவற்றை ‘டி’யில் நிறுவியிருந்தாலும் புதிய விண்டோஸ் அவற்றை அறியாது. ஆனால் டாக்குமென்ட்ஸின் இருப்பிடமாக மறுபடி ‘டி’ கோப்புறையைக் காட்டிய உடனே உங்கள் கோப்புகள் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துவோர் இயங்குதளத்துக்கு ஒரு பிரிவும், ‘ஹோம்’ கோப்புறைக்கு ஒரு பிரிவும் வைத்துக்கொள்ளலாம். மறுமுறை நிறுவும்போது ‘ஹோம்’ பிரிவை ஃபார்மட் செய்யாமல் இணைத்து, பழைய பயனர் பெயரையே கொடுத்தால் கோப்புகளோடு பல அமைப்புகளும் திரும்பக் கிடைக்கும்.

தட்டி சுவராகாது

பிரித்து வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. கூரையே விழுந்தால் தட்டியின் இரு பக்கமும்தான் பாதிக்கப்படும். வன்தட்டு பழுதானாலோ, மடிக்கணினி திருடு போனாலோ, இடி மின்னலில் கருகினாலோ ‘சி’யும் ‘டி’யும் ஒன்றாகவே போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்களும் ‘டி’யை விட்டுவைப்பதில்லை. பிரிவு என்பது மறுநிறுவலை எளிதாக்கும் வசதி மட்டுமே. நகலுக்கு அது ஈடாகாது. மாதம் ஒருமுறை ‘டி’யின் பணிக் கோப்புறையை வெளி வன்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். எல்லாம் ஒரே பிரிவில் இருப்பதால் எதை நகலெடுப்பது என்று தேட வேண்டியதும் இல்லை.

பருவ விடுமுறையில் ஒரு முற்பகல் ஒதுக்கினால் அலுவலகக் கணினிக்கு இதைச் செய்து முடித்துவிடலாம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, சக ஆசிரியர் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு செய்யுங்கள். அடுத்த முறை அந்தக் கணினி முடங்கும்போது நீங்கள் மாறுதலாகிப் போயிருக்கலாம். விஷயம் தெரிந்த இன்னொருவர் பள்ளியில் இருக்க வேண்டும்.