வீடியோ ஏன் மெல்ல ஏறுகிறது?

அறிவியல் கண்காட்சிக்கென நீங்கள் செய்த பரிசோதனையை வீடியோ எடுத்து வைத்திருக்கிறீர்கள். இன்றிரவு 9 மணிக்குள் அதை அனுப்பியாக வேண்டும். திரைப்படம் தடங்கலின்றி ஓடும் அதே இணைய இணைப்பில், அனுப்பும் வேலை மட்டும் ஆமையாய் நகர்கிறது. காரணம் என்ன?

முதலில் ஒரு கணக்கு. கோப்பின் அளவைப் பைட்டிலும், இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் சொல்வது வழக்கம். 8 பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். உங்கள் வீடியோ 100 மெகாபைட் என்றால், அனுப்ப வேண்டியது 800 மெகாபிட். பதிவேற்ற வேகம் நொடிக்கு 5 மெகாபிட் எனில் 160 நொடி போதும். அரை மெகாபிட் எனில் 27 நிமிடம் ஆகும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் பதிவிறக்க வேகமே. பதிவேற்ற வேகம் எவ்வளவு என்று தனியே கேட்டறிய வேண்டும்.

இரண்டும் ஏன் வேறுபடுகின்றன? வீட்டில் இருப்போர் அனுப்புவதைவிடப் பெறுவதே அதிகம் என்று கருதி வகுத்த ஏற்பாடு இது. தொலைபேசியின் செப்புக் கம்பியில் செல்லும் ஏ.டி.எஸ்.எல். முறையைப் பாருங்கள். இதற்கான உலகத் தரம் 1999-இல் வெளியாயிற்று. அதில் பேச்சு ஏறத்தாழ 4 கிலோஹெர்ட்சுக்குள் அடங்கும். பதிவேற்றத்துக்கு 25 முதல் 138 வரை. பதிவிறக்கத்துக்கோ 138 முதல் 1,104 கிலோஹெர்ட்ஸ் வரை! ஒளியிழையிலும் இவ்வேறுபாடு முற்றிலும் ஒழியவில்லை. ஜிபான் என்ற முறையில் ஓர் இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. நிலையத்திலிருந்து வரும் ஒளி எல்லா வீடுகளுக்கும் ஒருசேரப் போகும். வீடுகள் அனுப்பும் ஒளித்துடிப்புகளோ ஒன்றோடொன்று மோதக் கூடாது. ஆகவே ரேஷன் கடை வரிசையைப் போல முறை வைத்தே அனுப்புகின்றன.

இனி உங்கள் வீட்டில் ஒரு சோதனை. மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பியை எடுத்துவிட்டு, வைஃபை மூலம் ரூட்டரின் அருகிலும், அடுத்து உங்கள் அறையிலும் அளந்து பாருங்கள். ஒரு தடவையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அறையில் மட்டும் வேகம் குறைந்தால், நடுவிலுள்ள கான்கிரீட் சுவரையோ இரும்பு பீரோவையோ சந்தேகியுங்கள். கைப்பேசியின் அலைபரப்பும் ஆற்றல் பொதுவாக ரூட்டருடையதைவிடக் குறைவு. எனவே ரூட்டரின் குரல் கைப்பேசிக்கு நன்றாகக் கேட்கும். கைப்பேசியின் குரல் ரூட்டருக்குச் சரியாக எட்டாது.

பல வீடுகளில் உண்மையான குற்றவாளி வேறு. கல்யாணத்துக்குப் போய்வந்த அக்காவின் கைப்பேசி, எடுத்த படங்களையெல்லாம் யாரும் கேட்காமலே தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்! குறுகிய பதிவேற்றப் பாதை அதனால் நிரம்பிவிடும். இதனால் பதிவிறக்கமும் தளர்வதுண்டு என்பதே வேடிக்கை. தகவல் துண்டுகள் வந்து சேரச் சேர, 'கிடைத்தது' என்று உங்கள் கணினி பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில்கள் ரூட்டரில் வரிசையில் காத்துக் கிடந்தால், அனுப்புபவர் அடுத்த துண்டுகளை அனுப்பத் தாமதிப்பார்.

அக்காவிடம் சொல்லி அந்தச் சேமிப்பைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். கம்பியிலும் வேகம் குறைவாகவே இருந்தால், அளந்த நேரத்தையும் எண்களையும் குறிப்பிட்டு நிறுவனத்துக்குப் புகார் செய்யலாம். ஆனால் 9 மணிக்குள் ஆள் வரமாட்டார். அதற்குள் வீடியோவின் அளவை 1920×1080 புள்ளிகளிலிருந்து 1280×720 ஆக மாற்றிப் பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே வந்துவிடும். கோப்பும் பெரும்பாலும் நன்றாகவே சிறுத்துவிடும்.