நோட் கற்பவருக்கு முதல் பாடம்: ஒன்று, மூன்று, இரண்டு

1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரவுசர்தான் தாய்வீடு. பட்டனை அழுத்தினால் மெனு விரிவது, படிவத்தில் விட்டுப்போன கட்டத்தைக் காட்டுவது என்று நீண்ட காலம் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. 2009-இல் ரயன் டால், குரோமுக்காக கூகுள் எழுதிய வி8 எஞ்சினை எடுத்து, கோப்புகளைப் படிக்கவும் நெட்வொர்க்கில் பேசவும் வசதி சேர்த்து, நோட்.ஜேஎஸ் என்று வெளியிட்டார். அதே மொழியில் சர்வர் எழுதுவது அதன்பிறகுதான் பரவலானது.

புதிதாகப் படிப்பவர்கள் பலர் நேராக எக்ஸ்பிரஸ் என்ற சர்வர் ஃபிரேம்வொர்க்கில் குதித்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். முதல் வரி ‘ஒன்று’ என்று அச்சிடட்டும். அடுத்தது ரீட்ஃபைல் கொண்டு ஒரு கோப்பைப் படிக்கட்டும். படித்து முடிந்ததும் ‘இரண்டு’ என்று அச்சிட ஒரு கால்பேக் கொடுங்கள். கடைசி வரி ‘மூன்று’. ஓட்டினால் திரையில் வருவது ஒன்று, மூன்று, இரண்டு. கோப்பில் ஒரே ஒரு எழுத்து இருந்தாலும் இதே வரிசைதான்.

காரணம், நீங்கள் எழுதும் நிரல் ஒரே திரெட்டில் ஓடுகிறது. தோசை வேகும்வரை சப்ளையர் கல்லருகே நிற்பாரா? ஆர்டரைச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். நோட்டும் கோப்பு வேலையைப் பின்னணியில் ஒப்படைத்துவிட்டு அடுத்த வரிக்கு நகர்கிறது. கையில் உள்ள நிரல் முடிந்த பிறகே, ஈவென்ட் லூப் உங்கள் கால்பேக்கை அழைக்கும்.

ஆயிரம் பேர் இணைந்திருந்து, அவ்வப்போது மட்டும் பேசும் சேட் செயலிக்கு இது அருமையான ஏற்பாடு. அதே சர்வரில் பத்து விநாடி பிடிக்கும் கணக்கு ஒன்றை லூப்பில் ஓட்டினால், அந்தப் பத்து விநாடியும் எல்லோருக்கும் பதில் நின்றுவிடும். கனமான கணக்கைத் தனியாக வொர்க்கர் திரெட்டுக்குத் தள்ளிவிட வேண்டும்.

இன்று கால்பேக்குக்குப் பதில் அசிங்க்-அவெயிட் எழுதுகிறோம். வரிவரியாக நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் அந்த ஒரு ஃபங்ஷன் மட்டும்தான் காத்திருக்கிறது, சர்வர் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவெயிட்டை மறந்தால் தரவுக்குப் பதில், அது பிறகு வரும் என்று சொல்லும் ஒரு பிராமிஸ்தான் கையில் வந்து நிற்கும். ஆரம்பத்தில் வரும் பிழைகளில் பாதி இதுதான் என்பேன்.

நோட்டுக்கான பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்-இல் எதற்கும் ஒரு பேக்கேஜ் கிடைக்கும், ஆசை அடங்காது. 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை எழுதியவர் அதை நீக்கியதும், அதை நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் பில்ட் ஆகாமல் நின்றன. ஆகவே முதல் வாரம் எதையும் நிறுவாதீர்கள். நோட்டிலேயே இருக்கும் எச்டிடிபி மாட்யூலை வைத்து, 3000-ஆம் போர்ட்டில் ‘வணக்கம்’ சொல்லும் சர்வர் ஒன்றை எழுதுங்கள். எக்ஸ்பிரஸை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.