பிரஸ் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

யூடியூபில் "ரீலோடிங் பிரஸ்" வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் ஒருத்தர் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை ஒரு குட்டி பிரஸ்ஸில் வைத்து நெம்புகோலை இழுப்பார். கைத்துப்பாக்கித் தோட்டா மறுபடி தயாராகிவிடும். மெக்கானிக்கல் படிக்கிறவர்களுக்கு அந்த மெக்கானிசத்தைப் பார்த்தாலே ஆசை வரும்.

ஆசைப்படலாம், ஆனால் இங்கே செய்யக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிப்பதைத் தடை செய்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. "சும்மா ப்ராஜெக்ட் சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

சரி, தோட்டாவை விடுங்க. அந்த வீடியோவில் வரும் கேள்வி நம்ம கிளப்புக்கும் உண்டு. பேரிங் ஏத்தணும், புஷ் அடிக்கணும், தகட்டில் ஓட்டை போடணும். எந்த பிரஸ் வாங்குவது?

முதலில் எவ்வளவு விசை வேணும்னு கணக்குப் போடுங்க. ஓட்டை போடத் தேவையான விசை = ஓட்டையின் சுற்றளவு × தகட்டின் தடிமன் × வெட்டு வலிமை. 1 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகட்டில் 10 மி.மீ. ஓட்டை என்றால், வெட்டு வலிமை சுமார் 350 நியூட்டன்/ச.மி.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். பெருக்கினால் 11 கிலோநியூட்டன், அதாவது ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஆக, "ஒரு டன் பிரஸ் போதும்" என்று வாங்கினால் முதல் ஓட்டையிலேயே மாட்டிக்குவீங்க. குறைந்தது 2 டன் பாருங்க.

அடுத்தது வகை.

ஆர்பர் பிரஸ்: ரேக், பினியன், ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடி 400 மி.மீ., பினியன் ஆரம் 20 மி.மீ. என்றால் விசை 20 மடங்காகும். நீங்க 25 கிலோ அழுத்தினால் கீழே 500 கிலோ கிடைக்கும். எதிர்ப்பு எவ்வளவு என்பது கைக்கே தெரியும். சின்ன பேரிங், புஷ் வேலைக்கு இது போதும்.

டாகிள் பிரஸ்: ரீலோடிங் பிரஸ்ஸின் சூட்சுமமும் இந்த வகைதான். இணைப்புகள் நேர்கோட்டுக்கு வர வர விசை பல மடங்கு ஏறும். அந்தப் பெரிய விசை ஸ்ட்ரோக்கின் கடைசியில் மட்டும்தான் கிடைக்கும் என்பதை மறக்காதீங்க. ரிவெட் அடிக்க, முத்திரை குத்த அருமையானது. நீளமாகத் தள்ளும் வேலைக்கு ஆகாது.

ஃப்ளை பிரஸ்: மேலே கனமான குண்டு, நடுவில் ஸ்க்ரூ. சுழற்றிவிட்ட ஆற்றல் மொத்தமும் ஒரே அடியில் தகட்டில் இறங்கும். ஓட்டை போட, வளைக்க நல்லது. ஆனால் பாதியில் நிறுத்துவது கஷ்டம்.

ஹைட்ராலிக் பிரஸ்: பாட்டில் ஜாக் வைத்த எச் வடிவச் சட்டம். 10, 20 டன் சுலபமாகக் கிடைக்கும். விசை எவ்வளவு ஏறியது என்பது கைக்குத் தெரியாது. அதனால் பிரஷர் கேஜ் இல்லாததை வாங்காதீங்க.

சட்டத்தையும் பாருங்க. சி வடிவச் சட்டத்தில் மூன்று பக்கமும் கை நுழையும், வேலை வசதி. ஆனால் சுமை ஏறினால் வாய் லேசாகத் திறக்கும். பஞ்சும் டையும் நேர்கோட்டிலிருந்து விலகும். எச் வடிவத்தில் அந்தத் தொல்லை குறைவு.

பழைய மெஷின் என்றால் வார்ப்பில் விரிசல், வெல்டு வைத்து ஒட்டிய இடம் இருக்கானு பாருங்க. ராமைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க, ஆடினால் வேண்டாம். மீஞ்சூர், எண்ணூர் பக்கம் கடல்காற்று உப்போடு வரும். ராம், ஸ்க்ரூ இரண்டிலும் எண்ணெய் காயவிட்டால் துரு பிடித்துவிடும்.

கடைசியாக ஒன்று. மத்ததை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. சின்னப் பட்டறைகளில் ஒருத்தர் ஃப்ளை பிரஸ்ஸைச் சுழற்ற, இன்னொருத்தர் டைக்குள் தகடு வைப்பார். ஒரு நொடி தாளம் தப்பினால் போவது விரல்தான். 2025 வரை அமலில் இருந்த 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேணும் என்றது. நம்ம கிளப் ரூம் தொழிற்சாலை இல்லை, சோதனைக்கு ஆள் வர மாட்டார். அதனால் விதியை நாமே போட்டுக்கணும்: ஒரு பிரஸ்ஸுக்கு ஒரே ஆள், தகட்டை வைக்க இடுக்கி, வேலை இல்லாத நேரத்தில் ஃப்ளை பிரஸ் கைப்பிடிக்குப் பூட்டு.

பேரிங்கை ஷாஃப்டில் ஏத்தும்போது உள்வளையத்தில் அழுத்துங்க, ஹவுசிங்கில் ஏத்தும்போது வெளிவளையத்தில். மாத்தி அழுத்தினால் குண்டுகள் வழியாக விசை போய்ப் பேரிங் வீணாகும். ஹைட்ராலிக்கில் அது உடைந்து தெறிக்கவும் கூடும். கண்ணாடி போடாமல் நெம்புகோலைத் தொடாதீங்க.

பட்ஜெட் கம்மியா? முதலில் 2 டன் ஆர்பர் பிரஸ் ஒன்று வாங்குங்க, கூடவே நாலு கண்ணாடி.