பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்... பிழிந்து குடிக்காதீர்கள்!

கவுட் மூட்டுவாதக்காரர்கள் எந்தப் பழத்தை, எவ்வளவு சாப்பிடலாம்?

மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் முறை வந்து, நடவுக்கு ஆளும் சொல்லியாகிவிட்டது. அந்த நேரத்தில் கால் பெருவிரல் வீங்கி, தரையில் ஊன்ற முடியாமல் போனால் என்ன ஆகும் என்று டெல்டா விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடிவதற்குள் வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். விரல் மூட்டு சிவந்து சுடுகிறது. போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. 'கவுட்' என்று மருத்துவர்கள் சொல்லும் மூட்டுவாதம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

இந்த நோய் வந்தவர்களுக்கு ஊரில் இரண்டு விதமான யோசனைகள் கிடைக்கின்றன. 'பழமெல்லாம் புளிப்பு, அதில் அமிலம் இருக்கிறது, தொடாதே' என்பது ஒன்று. 'செர்ரிப் பழம் தின்றால் போதும், மாத்திரையே வேண்டாம்' என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு. முதல் யோசனையைக் கேட்டவர் நல்ல உணவை இழக்கிறார். இரண்டாவதைக் கேட்டவர் மூட்டையே இழக்க நேரிடலாம்.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

நம் உடலின் செல்களிலும், சாப்பிடும் உணவிலும் 'பியூரின்' என்ற பொருள் இருக்கிறது. அது சிதையும்போது உண்டாகும் கழிவுதான் யூரிக் அமிலம். இதில் பெரும்பங்கை உடலே உண்டாக்குகிறது. மிச்சம் உணவிலிருந்து வருகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். உற்பத்தி கூடினாலும், வெளியேற்றம் குறைந்தாலும் ரத்தத்தில் தேங்கும்.

100 மில்லி ரத்தத்தில் சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாது. வேதாரண்யம் உப்பளத்துப் பாத்தியில் தண்ணீர் சுண்டியதும் உப்பு பூப்பதைப் போல, மூட்டுக்குள் ஊசி ஊசியான படிகமாகப் படியும். உடலில் சூடு குறைந்த இடமான கால் பெருவிரலில் அது முதலில் படிவது வழக்கம். அளவு கூடிய எல்லோருக்கும் கவுட் வருவதில்லை. ஆனால், ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்.

வெயிலில் தண்ணீர் குடிக்காமல் அறுப்பு வேலை பார்ப்பதும், பீர் உள்ளிட்ட மது வகைகளும், ஈரல், ஆட்டுக்கறி, மத்தி, நெத்திலி, கருவாடு போன்றவற்றை அளவின்றிச் சாப்பிடுவதும் வலியைத் தூண்டிவிடக் கூடியவை.

புளிப்பு வேறு... யூரிக் அமிலம் வேறு!

எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் இருக்கும் புளிப்பு, சிட்ரிக் அமிலம். அது யூரிக் அமிலமாக மாறுவதில்லை. சொல்லப்போனால், உடலுக்குள் போன பிறகு சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கவே உதவுகிறது. பழங்களில் பியூரின் மிகக் குறைவு. ஆகவே, புளிப்புக்குப் பயந்து பழத்தை ஒதுக்கத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது புளிப்பை அல்ல, இனிப்பை. பழத்தின் இனிப்பில் 'ஃபிரக்டோஸ்' என்ற சர்க்கரை இருக்கிறது. இதைக் கல்லீரல் உடைக்கும்போது செல்லில் சேமித்து வைத்த ஆற்றல் மளமளவென்று செலவாகிறது. அப்படிச் செலவான பொருளின் எச்சம் யூரிக் அமிலமாக முடிகிறது. ஃபிரக்டோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் வந்து இறங்கினால்தான் சிக்கல்.

அமெரிக்காவில் 46,393 ஆண்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2008-ல் வெளியானது. சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தை மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட, தினமும் இரண்டும் அதற்கு மேலும் குடித்தவர்களுக்குக் கவுட் வரும் ஆபத்து 85 சதவிகிதம் கூடியிருந்தது. பழச்சாறு தினமும் குடித்தவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது. ஆப்பிள், ஆரஞ்சு நிறையச் சாப்பிட்டவர்களிடமும் ஓரளவு கூடுதல் தெரிந்தது. எனவே, முழுப் பழத்துக்கும் ஓர் அளவு வேண்டும்.

ஒரு டம்ளர் சாறு பிழிய மூன்று, நான்கு ஆரஞ்சு வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு பழத்தை உரித்துத் தின்பவர் குறைவு. சாற்றை ஒரே மடக்கில் குடித்துவிடலாம். சக்கையோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. கடையில் அதற்கு மேல் சர்க்கரையும் போடுகிறார்கள். கரும்புச்சாறு, சர்பத், கலர், கோலா எல்லாம் இதே கணக்குதான். 250 மில்லி கோலாவில் 25 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. 'வெல்லம் நல்லது, தேன் நல்லது' என்று அவற்றுக்கு மாறினாலும் ஃபிரக்டோஸ் குறையாது.

எந்தப் பழம், எவ்வளவு?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் சாப்பிடச் சொல்கிறது. கவுட் உள்ளவர்களும் இந்த அளவை ஒட்டியே போகலாம்.

கொய்யா: முதலிடம் இதற்குத்தான். 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. நாரும் அதிகம். நடுத்தர அளவில் ஒரு பழம் போதும்.

நெல்லிக்காய்: வைட்டமின் சி மிகுந்தது, இனிப்பு குறைந்தது. தினம் ஒன்று, இரண்டு சாப்பிடலாம். தேனில் ஊறியது வேண்டாம். அது மிட்டாய்க்குச் சமம்.

பப்பாளி: ஒரு கிண்ணம் துண்டுகள்.

வாழை: திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் படுகைகளில் விளையும் பூவனோ, ரஸ்தாளியோ ஒரு பழம் சாப்பிடலாம். ஒரு சீப்பைக் காலி செய்யக் கூடாது.

மா, பலா: பருவத்தில் ஆசைக்கு ஒதுக்க வேண்டாம். பாதி மாம்பழம் அல்லது மூன்று, நான்கு சுளை. அன்றைக்கு வேறு பழம் வேண்டாம்.

எலுமிச்சை: சர்க்கரை போடாமல், தண்ணீரிலோ மோரிலோ பிழிந்து குடிக்கலாம். 'பிழிந்து குடிக்காதீர்கள்' என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

வைட்டமின் சி யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், ஏற்கெனவே கவுட் வந்தவர்களிடம் அந்தப் பலன் மிகச் சிறியது. அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

பேக்கரி செர்ரி, செர்ரி அல்ல!

செர்ரியைப் பற்றிய பேச்சு முழுக்கக் கட்டுக்கதை அல்ல. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 633 கவுட் நோயாளிகளைக் கவனித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நாள் செர்ரி சாப்பிட்ட காலத்தில் வலி தாக்கும் ஆபத்து 35 சதவிகிதம் குறைந்திருந்தது. அதே ஆய்வில், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் 'அலோபியூரினால்' மாத்திரையோடு செர்ரியும் சாப்பிட்ட காலத்தில் 75 சதவிகிதம் குறைந்திருந்தது. பரப்பப்படும் செய்திகளில் இந்தப் பின்பாதி விடுபட்டுப்போகிறது.

இன்னொன்று, செர்ரி குளிர்ப் பிரதேசப் பயிர். தஞ்சாவூர், கும்பகோணம் பேக்கரிகளில் 'செர்ரி' என்று கிடைக்கும் சிவப்புக் காய், பெரும்பாலும் சாயம் ஏற்றிச் சர்க்கரைப் பாகில் ஊற வைத்த களாக்காய். அதை மருந்தென்று தின்றால் பலன் தலைகீழாகிவிடும்.

பழம் மருந்துக்கு மாற்று அல்ல

வலி வந்ததும் மருந்துக்கடையில் தானாகக் கேட்டு வாங்கும் வலி மாத்திரை அன்றைக்கு நடவைக் காப்பாற்றலாம். அதையே அடிக்கடி விழுங்கினால் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலத்தை வெளியேற்ற வேண்டியதே சிறுநீரகம்தான் என்பதை மறக்கக் கூடாது.

அடிக்கடி வலி தாக்குபவர்களுக்கு மருத்துவர்கள் அலோபியூரினால் போன்ற மருந்தைத் தொடர்ந்து தருவார்கள். யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. மருந்து தொடங்கிய முதல் சில மாதங்களில் மறுபடி வலி வரலாம். 'மாத்திரை சேரவில்லை' என்று தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால், தோலில் தடிப்பு கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில நீர் மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும் என்பதால், சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கொல்லையில் இரண்டு மரம்

தினம் கொய்யா வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்கள், கொல்லையில் மேடான இடத்தில் லக்னோ-49 கொய்யாப் பதியன் ஒன்று நடலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நட வேண்டும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வடிகால் முக்கியம், ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரில் தண்ணீர் நின்றால் மரம் வாடிவிடும். நெல்லி வைப்பதென்றால் பி.எஸ்.ஆர்-1, என்.ஏ-7 என இரண்டு ரகமாகப் பக்கத்தில் நட்டால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

கவுட் இருப்பவர்கள் உளுந்து, பயறு சாப்பிடலாமா?

சாப்பிடலாம். பருப்பு, பயறில் பியூரின் உண்டு என்றாலும், இறைச்சி, மீனைப் போல அவை கவுட் ஆபத்தைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. சம்பா அறுத்த வயலில் எடுத்த உளுந்தை விற்றுவிட்டு, வீட்டில் இட்லியை நிறுத்த வேண்டியதில்லை.

இளநீர், நீராகாரம், மோர்?

மூன்றும் குளிர்பானத்தைவிட எவ்வளவோ மேல். மோரும் தயிரும் கவுட்காரர்களுக்கு நல்லவை. வெயிலில் வேலை பார்க்கும் நாளில் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடிக்க வேண்டும்.

சர்க்கரை நோயும் இருக்கிறது. பழம் கூடுமா?

கொய்யா, நெல்லி, கொஞ்சம் பப்பாளி போதும். சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில் சாப்பிடுவது நல்லது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்?

இவர்களுக்கு மேலே சொன்ன அளவுகள் பொருந்தாது. வாழைப்பழம், இளநீர் போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் இதயத்துக்கு ஆபத்து. நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. தண்ணீர் எவ்வளவு குடிப்பது என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வலி வந்த அன்றே பரிசோதித்தேன். யூரிக் அமிலம் சரியாக இருப்பதாக வந்தது. கவுட் இல்லையா?

அப்படி முடிவு கட்ட முடியாது. வலி தாக்கும் நேரத்தில் ரத்தத்தில் அளவு இறங்கியும் காட்டலாம். வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வீக்கத்தோடு காய்ச்சலும் குளிரும் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அப்போது பழம், பத்தியம் என்று நாளைக் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.