உங்களுக்குத் தெரியுமா? வலை இழுக்கும் தோளும் தடிக்கும் இதயமும்

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு ஆகிய மீனவ ஊர்கள் பக்கம் போனால் மீனவர்களின் திரண்ட தோள்களைப் பார்க்கலாம். வலை இழுக்க இழுக்கத் தசை இழைகளின் எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. இருக்கிற இழை ஒவ்வொன்றும் புரதம் சேர்த்துப் பருக்கிறது. வேலை நின்றால் மெலிந்தும் விடும்.

இதயமும் அப்படித்தான். ரத்தக் கொதிப்பைப் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால், அந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. சுமார் 1 செ.மீ. இருக்கும் சுவர் 1.5 செ.மீ.யைக்கூடத் தாண்டலாம். தோளுக்கு அழகு, இதயத்துக்கோ ஆபத்து! தசை பருத்த அளவுக்கு அதற்குள் நுண்குழாய்கள் பெருகாததால் ஆக்சிஜன் போதாமல் போகிறது; சுவர் விறைத்து, அறை சரியாக நிரம்புவதில்லை. வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமலே இது நடக்கலாம். நல்ல செய்தியும் உண்டு: மருந்தால் அழுத்தம் இறங்கினால், தடித்த சுவர் பலருக்கு ஓரளவு மெலிகிறது.