மோட்டாரை நிறுத்தச் சொல்லும் பாட்டி

2023 ஜூனில் பலமனேர் அருகே நெடுஞ்சாலையைக் கடந்த யானைகள்மீது லாரி மோதியதில் மூன்று இறந்தன. அதை நினைவூட்டிக் குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "தாயை இழந்த குட்டி வளர்ந்ததும் வெறிபிடித்து அலையும் என்கிறார்கள். பால்குடிக்கிற வயதில் பட்ட துன்பம் உடம்பில் தங்கிவிடுமா?"

வெறி என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் துன்பம் தங்கக்கூடும்.

பலமனேரும் குப்பமும் உள்ள சித்தூர் மாவட்டத்துக்கு இந்த யானைகள் நம் பக்கத்து வரவுதான். 1980களில் ஓசூர், ஆனேக்கல் காடுகளிலிருந்து போய்ச் சேர்ந்தவை. அவற்றுக்காக 1990இல் கௌண்டின்யா சரணாலயம் வந்தது. இன்று திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் வரை நடமாட்டம் இருக்கிறது.

துன்பம் எப்படித் தங்கும்? பயந்தால் கார்டிசோல் என்ற ஹார்மோன் சுரக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்குப் பிடித்தது அது நிற்கிற விதம். மோட்டாரைப் போட எவராலும் முடியும், தொட்டி நிரம்பியதும் மாடியிலிருந்து "மோட்டாரை நிறுத்து!" என்று கத்த வற்றலுக்குக் காவல் இருக்கும் பாட்டி வேண்டும். மூளையின் ஹிப்போகேம்பஸ்தான் அந்தப் பாட்டி. அங்குள்ள ஏற்பிகள் அவர் காதுகள். கார்டிசோல் வந்து விழும் சத்தம் கேட்டதும் குரல் கொடுப்பார்; சுரப்பு அடங்கும்.

பாட்டிக்குக் காது மந்தமானால்? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு எலிகளில் இதைப் பார்த்தது. பிறந்த முதல் வாரத்தில் தாய் நிறைய நக்கிக்கொடுத்த குட்டிகளுக்கு இந்த ஏற்பிகள் அதிகம். அதிகம் நக்காத தாயிடம் வளர்ந்தவற்றில், ஏற்பியை உண்டாக்கும் மரபணுவின் சுவிட்ச்மீது மெத்தில் என்ற வேதித் துணுக்குகள் ஒட்டியிருந்தன. மரபணுவின் எழுத்து மாறவில்லை. காதில் பஞ்சு அடைத்தாயிற்று, அவ்வளவுதான். பிறந்தவுடன் குட்டிகளை இடம் மாற்றி வைத்தால், பெற்றவளைப் போல் அல்ல, வளர்த்தவளுக்கு ஏற்றபடியே அவை ஆயின. 2004இல் இது வெளியானது.

பாட்டிக்குக் கேட்காததால் தொட்டி வழிகிறது, சுவர் ஊறுகிறது. மோட்டார் இழுக்கிற இழுப்பில் வீட்டு விளக்கும் மங்குகிறது: கார்டிசோல் நெடுநேரம் ஓடினால், மூளையிலிருந்து இனப்பெருக்க ஹார்மோன்களுக்குப் போகும் கட்டளை தளர்கிறது. ஆனால் இந்த இடத்தில் என் உவமை படுத்துவிடுகிறது. குறைவாக நக்கப்பட்ட பெண் எலிகள் தாமதமாக அல்ல, முன்கூட்டியே பருவமடைந்தன. நாளை நிச்சயமில்லாத உலகில் சீக்கிரம் ஈன்றுவிடு என்று உடல் கணக்குப் போடுகிறது என்பது ஒரு விளக்கம். எந்த மோட்டாரும் அப்படி யோசிக்காது.

வரலாறு வேண்டுவோருக்கு: 1936இல் ஹான்ஸ் செலி உடலின் நெருக்கடி எதிர்வினையை விவரித்தார், 1950களில் சீமோர் லெவின் எலிக்குட்டிகளைத் தினமும் கொஞ்சநேரம் கையில் எடுத்துவிட்டு, அவை வளர்ந்ததும் நெருக்கடியை நன்றாகத் தாங்குவதைக் கண்டார். போதும்.

யானைக்கு வருவோம். மியான்மரில் மரம் இழுக்கும் பெண் யானைகளின் கார்டிசோல் சிதைவுப்பொருள் அளவு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை உச்சத்தில் இருக்கும். கடும் வேலை, மழைக்காலத் தொடக்கம். ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, லத்தியிலேயே அளக்கலாம். அந்த மாதங்களில் பிறந்த பெண் யானைகளின் ஈனும் திறன் மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்தது, வாழ்நாளில் விட்டுச்சென்ற சந்ததியும் குறைவு என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. நெருக்கடியை அளந்தது வளர்ந்த யானைகளில். குட்டிகளின் காதில் பஞ்சு இருந்ததா என்று எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே, "சின்ன வயதுத் துயரம் டிஎன்ஏவில் எழுதப்பட்டுவிட்டது, நாங்கள் அழித்துத் தருகிறோம்" என்று பயிற்சி முகாமுக்குக் கட்டணம் கேட்பவரிடம், எலியிலிருந்து மனிதருக்கு எந்தப் பேருந்தில் வந்தீர்கள் என்று கேளுங்கள்.

குப்பம் வாசகருக்கான பதில் கென்யாவின் சம்புருவில் இருக்கிறது. தாயை இழந்து சில ஆண்டுகள் ஆன யானைகளின் லத்தியையும் தாயுள்ளவற்றின் லத்தியையும் ஒப்பிட்டு 2022இல் வந்த ஆய்வில், இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கூட்டத்தில் ஒத்த வயதுத் துணைகள் அதிகமாக இருந்தபோது அளவு குறைந்தே இருந்தது.

தாய் போனாலும் கூட்டம் இருந்தால் குட்டி தேறக்கூடும். எனவே குட்டியோடு மந்தை கடக்கும்போது பட்டாசு வெடித்து அதைச் சிதறடிக்காதீர்கள். வண்டியை நிறுத்தி, விளக்கைத் தணித்து, கடைசி யானை போகும்வரை காத்திருங்கள்.